நாய்க்கு விசரில்லை, வேலையில்லை

வைகாசி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு மத்தியானம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரான என்னிடம் வந்தார். பெல்ஜியன் மலினோய் இனம், பதினான்கு மாத ஆண். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முதல் வேலையாக அதை அவிழ்க்கச் சொன்னேன். நாய் மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும்.

“டொக்டர், இதுக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு” என்றார் மாஸ்டர். நாள் முழுக்கக் கூட்டுக்குள் வட்டமடிக்கிறதாம். தன் வாலையே கடிக்கிறதாம். ஆறு வயதுப் பேரன் முற்றத்தில் ஓடினால் பின்னாலேயே போய்க் குதிக்காலைக் கவ்வுகிறதாம்.

சந்தேகம் வந்ததும் கொண்டுவந்தாரே, அது நல்ல காரியம். நாயின் குணம் திடீரென மாறினால் விசர்நோயை முதலில் நினைக்கத்தான் வேண்டும். ஆனால் இவருடைய நாய்க்கு இந்தக் குணம் மாதக் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தடுப்பூசி அட்டையும் ஒழுங்காக இருந்தது. காய்ச்சல் இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்த்தேன், அதுவும் இல்லை. பிறகு மேலுதட்டை விலக்கிப் பார்த்தேன். கோரைப்பற்களின் பின்பக்கம் அரத்தால் ராவியது போலத் தேய்ந்திருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல் அப்படித்தான் இருக்கும். வால் நுனியில் மயிர் கொட்டி, தோல் சிவந்து ஈரமாகக் கிடந்தது.

“எவ்வளவு நேரம் கூட்டுக்குள்ள நிக்கும், மாஸ்டர்?”

“இரவிலதான் அவிட்டு விடுறது. பகல்ல ஆக்கள் வந்து போற வீடு.”

கூட்டின் நீளம் ஆறடி. கனடாவில் இருக்கும் மகன் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, பெற்றோருக்குக் காவலாக இருக்கட்டும் என்று காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த நாய் அது. அன்பால்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்த வீடியோவில் நாய் மதில் தாண்டுவது மட்டும்தான் தெரியும். அதை அப்படிப் பழக்குவதற்கு ஒருவர் தினமும் எத்தனை மணித்தியாலம் செலவழித்தார் என்பது தெரியாது.

மலினோய் என்பது பெல்ஜியத்தின் மலின் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. செம்மறி மேய்க்க வளர்த்த நாய். இன்று உலகெங்கும் பொலிஸும் இராணுவமும் அதைப் பயன்படுத்துகின்றன. நம் பெரியவர்கள் அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டும் மேய்ச்சல் நாய்தான். 1899இல் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அந்த இனத்தை வகுக்கத் தொடங்கினார். போர்டர் கொல்லி ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து எல்லையின் மலைச்சரிவுகளில் ஆடு மடக்கியது. ஹஸ்கி சைபீரியாவில் பனிவண்டி இழுத்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓடவும், மனிதர் சொல்வதைக் கவனித்து உடனே செய்யவும் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த மூளையையும் கால்களையும் ஆறடிக் கூட்டுக்குள் அடைத்தால், அது தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். மேய்க்க ஆடில்லாத முற்றத்தில் ஓடுகிற பிள்ளைதான் ஆடு. குதிக்காலைக் கவ்வுவது அந்த மேய்க்கும் குணம்.

அதற்காகப் பிள்ளையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. நாய் துரத்தினால் ஓடாமல் மரம்போல் நிற்கப் பழக்குங்கள். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒன்றாக விடாதீர்கள். பல் பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

திருகோணமலையில் இந்த நாய்களை வளர்க்க நேரம்தான் பெரிய சிக்கல். கச்சான் காலத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடும். புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆகவே விடியக்காலை ஐந்து மணிக்குக் கடற்கரை மணல், பின்னேரம் பொழுது பட்ட பிறகு இன்னொரு தடவை. டச்சு வளைகுடா, கோட்டைப் பக்கம் போகிறவர்கள் வாரைக் கையிலிருந்து விடவே கூடாது. அங்கே திரியும் மான்களைக் கண்டால் இந்த இனங்களுக்கு உங்கள் குரல் காதில் விழாது. மானுக்கும் ஆபத்து, வீதியில் குறுக்கே பாயும் நாய்க்கும் ஆபத்து.

மோட்டார் சைக்கிளில் கட்டி ஓடவைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். அது நாயின் எல்லைக்கு ஓட்டமில்லை, வண்டியின் வேகத்துக்கு ஓட்டம். வளரும் குட்டியின் மூட்டுகள் பழுதாகும். வெயிலில் நாயின் உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிறுநீரகமும் ஈரலும் கெடத் தொடங்கும். நாய் தள்ளாடினால், நாக்கு கருஞ்சிவப்பானால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, அதன்பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள்.

சரி, மாஸ்டருக்கு அறுபத்தேழு வயது. முழங்கால் வலி. அவரால் நாயோடு ஓட முடியாது. நான் சொன்னது ஓட்டத்தைப் பற்றி அல்ல. தட்டில் சாப்பாடு வைப்பதை நிறுத்துங்கள் என்றேன். வளவில் பத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, நாலைந்தின் கீழ் மட்டும் முள் எடுத்த அவித்த மீன் துண்டுகளை ஒளித்து வையுங்கள், நாய் மோந்து கண்டுபிடிக்கட்டும் என்றேன். முதல் நாள் என் முன்னாலேயே மூன்று சிரட்டையோடு செய்து பார்த்தோம். வட்டமடித்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நின்றது. மூக்கு நிலத்தோடு, வால் தாழ்ந்து, காது முன்னுக்கு. இரண்டாவது சிரட்டையை மூக்கால் புரட்டியதும் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தது. “என்னைப் பாக்குது டொக்டர்” என்றார் அவர், குரல் கம்ம.

மோப்ப வேலை இருபது நிமிடம் செய்தால் நாய் களைத்துவிடும். அதோடு “இரு”, “வா”, “விடு” என்று ஐந்து ஐந்து நிமிடப் பழக்கம், ஒரு சாக்கில் அமைதியாகப் படுத்துக் கிடந்தால் அதற்கும் ஒரு துண்டு மீன். சும்மா இருப்பதையும் இந்த இனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விடியக்காலை நடைக்குப் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் சம்மதித்தான்.

வாங்க நினைப்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் வீட்டில் தினமும் ஐந்து மணிக்கு எழும்புவது யார்? மாரியில் மழை கொட்டும்போதும், திருவிழாக் காலத்திலும், பிள்ளைக்குச் சோதனை வந்தாலும் எழும்பும் ஆள் யார்? பெயர் சொல்ல ஆளில்லை என்றால் ஊர்நாய்க் குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. வீட்டைக் காப்பதில் அது எதற்கும் குறைந்ததல்ல.

ஆறு கிழமை கழித்து மாஸ்டர் வந்தார். நாயின் வாலில் மயிர் முளைத்திருந்தது. தேய்ந்த பல் தேய்ந்ததுதான், அது திரும்பாது. கூட்டின் கதவைக் கழற்றிவிட்டாராம், நாய் தானாகவே போய் அதற்குள் தூங்குகிறதாம். சிரட்டை ஒளிப்பது இப்போது பேரனின் பொறுப்பு. தாத்தா நாயை வாரில் பிடித்திருக்க, பிள்ளை முற்றமெல்லாம் நடந்து ஒளித்துவிட்டு, விறாந்தைக்கு வந்து ஏறிய பிறகுதான் “தேடு” என்று சொல்கிறானாம்.