வேலை முடிந்தது, காசு வரவில்லை: பிரீலான்ஸ் செய்யும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து சட்டத்தரணியான என்னிடம் வருகிற பிணக்குகளில் காணிப் பிரச்சினைதான் எப்போதும் அதிகம். அண்மைக் காலமாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். வீடியோ எடிட் செய்பவர்கள், இணையத்தளம் வடிவமைப்பவர்கள், நிறுவனங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவர்கள், கலியாண அல்பம் செய்பவர்கள், கள ஆய்வுக்குத் தரவு சேகரிப்பவர்கள். கையில் கோப்பு இருக்காது, கைபேசி மட்டும் இருக்கும். “வேலையெல்லாம் குடுத்து முடிச்சிட்டன், காசுதான் வரேல்லை” என்று தொடங்குவார்கள். பெரும்பாலானவர்கள் பிந்தித்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு முதலாளியோடு பிணக்கு என்றால் தொழில் திணைக்களம் இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, தொழில் நியாய சபை இருக்கிறது. பிரீலான்ஸ் செய்பவர், அதாவது யாரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல் ஒவ்வொரு வேலைக்கும் காசு பேசிச் செய்பவர், சட்டத்தின் கண்ணில் ஊழியர் அல்ல. எனவே அந்தக் கதவுகள் எதுவும் அவருக்குத் திறக்காது. அவருடைய காசு ஒரு சாதாரணக் கடன், அவ்வளவுதான். அதை அவரேதான் அறவிட வேண்டும்.

வன்னியில் இந்தச் சுமை கூடுதலாக அழுத்துவதற்குக் காரணம் உண்டு. 2009இல் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பங்கள் இவை. ஒரு மாதம் காசு வராவிட்டால் எடுத்துச் சமாளிக்கச் சேமிப்பு இல்லை. டேட்டா, மின்சாரம், மடிக்கணினித் தவணை எல்லாம் வாடிக்கையாளர் காசு தரும்வரை காத்திருப்பதில்லை. நகை அடகுக்குப் போகிறது, அல்லது வட்டிக்கு எடுக்கிறார்கள். நுண்கடன் இங்குள்ள பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பது எல்லோரும் அறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. இந்த நிலையில் காசு தராத வாடிக்கையாளருக்கு இந்தப் பிள்ளைகள் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அதற்கான வட்டியை அடகுக் கடையில் தாங்களே கட்டுகிறார்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெளிநாட்டில் ஸ்ரூடியோ நடத்தும் ஒருவருக்குக் கலியாண வீடியோக்கள் எடிட் செய்து கொடுத்தார். அவர் தூரத்து உறவு, மாமா முறை. விலை தொலைபேசியில் பேசினது. தாயின் சங்கிலியை அடகு வைத்துத்தான் மடிக்கணினி வாங்கியிருந்தார். முதல் இரண்டு வீடியோவுக்குக் காசு வந்தது, அதன் பிறகு நின்றுவிட்டது. வட்ஸ்அப்பைக் காட்டினார். “போடுறன் பிள்ளை”, “இஞ்ச பாங்க் லீவு”, “அடுத்த கிழமை கட்டாயம்”. கீழே இறங்க இறங்க இதேதான். எவ்வளவு தர வேண்டும் என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. கடைசியில் ஒரு குரல்பதிவில் அந்த மாமா போகிற போக்கில் சொல்லியிருந்தார்: “அந்த அறுபதும் சேர்த்துப் போடுறன்.” எங்களுக்குக் கிடைத்த பிடி அதுதான்.

செய்த வீடியோக்கள், அனுப்பிய திகதிகள், வந்த காசு, மிச்சம் என்று ஒரு கணக்கை மின்னஞ்சலில் மரியாதையாக அனுப்பச் சொன்னேன். “அதில் ஒரு வீடியோ சரியில்லை, அதுக்குத் தர மாட்டன்” என்று பதில் வந்தது. தங்கச்சிக்கு அழுகை. எனக்கு அது நல்ல பதில். மற்ற எல்லாவற்றையும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார் அல்லவா? அந்த ஒன்றை விட்டுக்கொடுத்து மிச்சத்தை இரண்டு தவணையில் வாங்கினோம். சங்கிலி அதற்கு முன்பே ஏலத்தில் போய்விட்டது.

இதில் முக்கியமானது காலம். கடனைக் கேட்டு வழக்குப் போடுவதற்குச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம் என்பது பொதுவான விதி. ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, செய்து கொடுத்த வேலைக்கான காசுக்கு ஒரு வருடம்தான் தருகிறது. வாய்ப்பேச்சில் வேலை செய்கிற பிள்ளைகள் இந்த ஒரு வருடத்துக்குள்தான் மாட்டுப்படுவார்கள். “போடுறன், போடுறன்” என்று இழுத்தடிப்பவர் சில வேளை இது தெரிந்தே இழுக்கிறார். கூச்சத்தில் பொறுத்திருப்பது உங்கள் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கடனாளி கையெழுத்து வைத்துக் கடனை ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலக் கணக்கு புதிதாகத் தொடங்க இடமுண்டு. ஆகவே முழுக் காசும் இல்லை என்பவரிடம் ஐயாயிரமாவது வாங்குங்கள். வங்கி வழியாக வாங்குங்கள், திகதி பதிவாகும்.

வட்ஸ்அப் உரையாடலையும் மின்னஞ்சலையும் ஆதாரமாக முன்வைக்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வழி செய்கிறது. கைபேசி மாற்றும்போது உரையாடல்களை அழிய விட்டுவிட வேண்டாம். எண்ணும் திகதியும் தெரியும்படி படம் பிடித்து இன்னோரிடத்திலும் சேமியுங்கள். அழைப்பில் பேசி முடித்தால், வைத்தவுடன் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: “அண்ணா, இப்ப கதைத்தபடி லோகோவுக்கு இவ்வளவு, பாதி முற்பணம், மிச்சம் 15ஆம் திகதி.” அவர் “ஓம்” என்று போட்டால் போதும். உறவுக்காரர் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நான் பார்த்தவரை உறவு முறிவது கணக்கு எழுதாத இடத்தில்தான்.

வேலையைக் கொடுக்கிற முறையிலும் கவனம் வேண்டும். முற்பணம் வராமல் தொடங்காதீர்கள். மிச்சக் காசு வரும்வரை உங்கள் பெயர் பொறித்த மாதிரியைக் கொடுங்கள், மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சம்பள ஊழியர் வேலையில் படைத்தது முதலாளிக்குச் சேரும். நீங்கள் ஊழியர் அல்ல. எழுதிக் கைமாற்றும்வரை உங்கள் படைப்பின் பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே நிற்கும். இன்வொய்ஸின் அடியில் “முழுக் கொடுப்பனவின் பின்னரே உரிமை கைமாறும்” என்று ஒரு வரி சேருங்கள். ஊழியருக்கான பாதுகாப்பு இல்லாத உங்களுக்கு இந்த இடத்தில் மட்டும் சட்டம் சாதகமாக இருக்கிறது.

பைவர் (Fiverr) என்ற இணைய வேலைத்தளம் வேலையை விற்பவரிடம் 20 வீதம் கழிக்கிறது. அதை மிச்சம் பிடிக்கலாம் என்று வாடிக்கையாளர் வெளியே அழைப்பார். அங்கே அவர் முன்கூட்டியே கட்டிய காசு தளத்தின் கையில் இருக்கும், வெளியே உங்களிடம் அவருடைய வாக்கு மட்டும்தான் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்மேல் இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அதை அங்கே கொண்டுபோய் நிறைவேற்ற ஆகும் செலவு சின்னத் தொகைக்குக் கட்டாது. அதனால் கடல் கடந்த வேலைக்கு முற்பணம்தான் உண்மையான பாதுகாப்பு.

ஆள் இலங்கையில் இருந்தால் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். வியாபாரக் கடிதத்துக்கு மறுப்பு எழுதாமல் இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொண்ட தீர்ப்புகள் எமது நாட்டில் உண்டு, ஆகவே தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காசோலை தந்து அது திரும்பியிருந்தால் உடனே வாருங்கள். கணக்கில் காசு இல்லையென்று தெரிந்தே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

சின்னத் தொகை என்றால், பிணக்கைப் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவரும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது, அதனால் எனக்குக் காசு கட்டவும் தேவையில்லை. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பிணக்கு என்றால் சபைக்குப் போகாமல் நீதிமன்றம் போகவே முடியாது. அந்தத் தொகையைச் சட்டத் திருத்தங்களால் கூட்டியிருக்கிறார்கள், ஆகவே இப்போது எவ்வளவு என்று சபையிலேயே கேளுங்கள். போகும்போது கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எப்போது கொடுத்தது, எவ்வளவு பேசியது, எவ்வளவு வந்தது. உரையாடல் படங்களை அச்செடுத்துப் பின்னால் கோத்துவிடுங்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம், நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.