தேனுண்ணி

ஆஸ்திரேலியாவின் ‘ஹனிஈட்டர்’ பறவையைத் தமிழில் ‘தேன்சிட்டு’ என்று எழுதுவதுண்டு. அழகான பெயர்தான், ஆனால் பறவை வேறு. தேன்சிட்டு நம் வீட்டுச் செம்பருத்தியில் தொங்கும் குருவி. ஹனிஈட்டர்கள் ஆஸ்திரேலியா, நியூ கினிப் பக்கம் கிளைத்த தனிக் குடும்பம். ஏறக்குறைய 190 இனங்கள். வளைந்த அலகும் பூவை நாடும் பழக்கமும் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனியே வாய்த்தவை. உறவால் வந்த சாயல் அல்ல.

குடும்பத்தின் அறிவியல் பெயர் மெலிஃபாகிடே. கிரேக்கத்தில் ‘மெலி’ என்றால் தேன், ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல். முக்கியமாகக் குடிப்பதோ பூவில் ஊறுவதை, தேனடையில் இருப்பதை அல்ல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் என்பதால் அங்கே பெயர் கொஞ்சம் பிசகு. தமிழில் இரண்டுமே தேன்தான். ஆகவே ‘தேனுண்ணி’ என்றால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘உண்ணி’ என்றதும் நாயின் காதில் ஒட்டியிருப்பது நினைவுக்கு வரலாம். வரட்டும், உண்ணிக்கொக்கையும் அப்படித்தானே அழைக்கிறோம்! கறாராகப் பார்த்தால் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்ற நான்கில் இந்தப் பறவை செய்வது கடைசி வேலை. நாக்கின் நுனி இழை இழையாகப் பிரிந்து, சாயத்தில் தோய்க்கும் தூரிகை போல இருக்கும். பேங்க்சியா என்ற ஆஸ்திரேலியத் தாவரத்தின் பூக்கதிரில் அலகை நுழைத்து, நொடிக்குச் சுமார் 10 முறை அந்தத் தூரிகையை நீட்டி இழுக்கிறது. அலகு மூடும்போது மேலலகு அழுத்தித் தேனைப் பிழிந்துவிடுகிறது. அதற்காக ‘தேன்நக்கி’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தேன் மட்டும் போதாது. புரதத்துக்குப் பூச்சி வேண்டும். யூகலிப்டஸ் இலையில் சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சிகளின் குஞ்சுகள் தங்கள்மேல் கட்டிக்கொள்ளும் ‘லெர்ப்’ என்ற இனிப்புக் கூரையையும் இவை பெயர்த்துத் தின்னும்.

இனிப்புச் சுவையே ஒரு கதை. பறவைகளின் மூதாதைகள் இனிப்பை அறியும் மரபணுவை இழந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் தோன்றிய பாடும் பறவைகளின் முன்னோர், இறைச்சிச் சுவையை அறியும் ஏற்பியையே மாற்றிக்கொண்டு இனிப்பை மீட்டதாக 2021இல் வந்த ஆய்வு காட்டுகிறது.

இக்குடும்பத்தில் ‘நாய்சி மைனர்’ என்றொன்று உண்டு. அகராதியைப் பார்த்து ‘சுரங்கத் தொழிலாளி’ ஆக்கிவிடாதீர்கள். அந்த ‘மைனர்’ நம் ஊர் மைனாதான். கண்ணருகே அதே மஞ்சள் தோல். ‘இரைச்சல் தேனுண்ணி’ என்றால் சரி.