பெரியப்பா டிவிக்கு ஒரு குட்டி கம்ப்யூட்டர்: மிருதங்கம் ஏன் திக்குச்சு?

எங்க பெரியப்பாவுக்கு வயசு எழுபத்தாறு. மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி தேய்மானம்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து மார்கழி சபா எல்லாம் நின்னு போச்சு. அவர் என்கிட்ட கேட்டது மூணே விஷயம்தான். டிவியில யூட்யூப் கச்சேரி பாக்கணும், அக்கா கல்யாண வீடியோ ஒரு பென்டிரைவ்ல இருக்கு அது ஓடணும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டொராண்டோல இருக்குற அக்கா முகத்தைப் பெருசா பாத்துப் பேசணும். வெறும் யூட்யூப் மட்டும்னா டிவியில சொருகுற ஸ்டிக் ஒண்ணே போதும், கம்ப்யூட்டரே தேவையில்ல, இதை முதல்லயே சொல்லிடறேன். பென்டிரைவ், கேமரா, பழைய ஹார்ட் டிஸ்க்னு சேரும்போதுதான் கம்ப்யூட்டருக்கு வேலை வருது.

ரிச்சி தெருவுல ஒரு கடையில பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் எடுத்தேன். உள்ள இருந்தது இன்டெல் கம்பெனியோட ஐ5 பிராசஸர், நாலாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். "ஐ5 சார், எதைப் போட்டாலும் பறக்கும்"னாங்க. வீட்டுக்கு வந்து 43 இன்ச் 4கே டிவியில மாட்டி ஒரு கச்சேரி போட்டோம். பாட்டு வரைக்கும் ஓகே மாதிரி இருந்துச்சு, தனி ஆவர்த்தனம் வந்ததும் தெரிஞ்சு போச்சு. மிருதங்க வித்வானோட விரல் அந்தரத்துல நிக்குது, சத்தம் மட்டும் ஓடிட்டே இருக்கு, திடீர்னு கை வேற இடத்துல இருக்கு. பெரியப்பா தொடையில தாளம் போட்டுட்டு இருந்தவர் கையை எடுத்துட்டார். "என்னடா இது, கண்ணு ஒண்ணு சொல்லுது காது ஒண்ணு சொல்லுது"ன்னார். கம்ப்யூட்டர் ஃபேன் வேற மிக்ஸி மாதிரி கத்துது.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சா எந்தக் கம்ப்யூட்டர் வாங்கணும்னு தானா புரிஞ்சிடும், அதனால அதையே கொஞ்சம் விரிவா சொல்றேன்.

4கே படம்னா குறுக்கால 3840 புள்ளி, நெடுக்கால 2160, மொத்தம் 82,94,400 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொரு பைட்னு மூணு பைட் வச்சா ஒரு படத்துக்கே ரெண்டரைக் கோடி பைட் கிட்ட வருது. இந்த மாதிரி செகண்டுக்கு 50 படம்னா 124 கோடி பைட், அதாவது ஒவ்வொரு செகண்டும் ஒண்ணரை சிடிக்கு மேல. சாதாரண வீட்டு நெட் எதுவும் இதைத் தாங்காது. ஆனா யூட்யூப் அதே வீடியோவை சுமாரா 25 மெகாபிட்ல, செகண்டுக்கு மூணு மெகாபைட் சொச்சத்துல அனுப்பிடுது. கிட்டத்தட்ட நானூறுல ஒரு பங்கு!

மிச்சம் எங்க போச்சுன்னா, அனுப்பவே இல்ல. கச்சேரி மேடையை யோசிச்சுப் பாருங்க, பின்னாடி திரை அப்படியே இருக்கு, மைக் ஸ்டாண்ட் அப்படியே இருக்கு, ஆடுறது கையும் தலையும் மட்டும்தான். அதனால முழுப் படம் எப்பவாவது ஒண்ணுதான் வரும், நடுவுல வர்றதெல்லாம் குறிப்பு. "இந்தக் கட்டம் போன படத்துல இருந்ததேதான், ஆனா மூணு புள்ளி இடது பக்கம் நகர்ந்திருக்கு"ங்கிற மாதிரி குறிப்பு. அப்படி நகர்த்தியும் சரியா பொருந்தாம கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும் இல்லையா, அந்த மிச்சத்தை அப்படியே அனுப்பாம அலைகளா பிரிச்சு, கண்ணுக்குப் பெருசா தெரியாத நுணுக்கமான அலைகளைத் தள்ளிட்டு மீதியை மட்டும் அனுப்புவாங்க. இந்த அலையா பிரிக்கிற கணக்குக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்னு பேர், 1974ல வெளியான கட்டுரை, எழுதினவங்க நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூர்ல பிறந்தவர். முதல்ல இதுக்கு அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட நிதி கேட்டிருக்கார், கிடைக்கல, இருந்தும் விடாம செஞ்சு முடிச்சார். நம்ம போட்டோவுல இருக்குற ஜேபெக்லேர்ந்து இன்னிக்கு ஓடுற வீடியோ வரைக்கும் எல்லாத்துக்குள்ளயும் இந்தக் கணக்கோ இதோட வாரிசுகளோதான் இருக்கு. இதை ஸ்கூல் பசங்களுக்கு யாராவது சொல்லித் தரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

சரி, இப்படிச் சுருக்கினதைத் திரும்ப விரிக்கிறது யாரு? நம்ம கம்ப்யூட்டர்தான். குறிப்பைப் படிச்சு, பழைய படத்துலேர்ந்து கட்டத்தை எடுத்து, நகர்த்தி, அலைகளைக் கூட்டி, ஓரத்தை மெழுகி, இத்தனையையும் செகண்டுக்கு 50 தடவை, அதாவது ஒரு படத்துக்கு 20 மில்லிசெகண்டுக்குள்ள முடிக்கணும். முடியலைன்னா பிளேயர் என்ன பண்ணும்னா சத்தத்தை நிறுத்தாது, ஏன்னா காதுல ஒரு துளி விட்டுப்போனாலும் நமக்கு உடனே தெரியும். படத்தைத்தான் தூக்கிப் போடும். வித்வானோட விரல் நின்னதுக்குக் காரணம் அதுதான்.

இந்த வேலையைச் செய்ய ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பிராசஸரே பண்றது. அது எல்லாச் சமையலும் தெரிஞ்ச சமையல்காரர் மாதிரி, ஆட்டுக்கல்லுல உக்கார வச்சா மாவும் ஆட்டுவார், ஆனா வேர்த்துக் கொட்டும், வேற வேலை எதுவும் நடக்காது. இன்னொண்ணு, சிப்புக்குள்ளயே வீடியோ விரிக்கிறதுக்குன்னு தனியா ஒரு சின்ன சர்க்யூட் வச்சிடறது, டீகோடர்னு சொல்வாங்க. அது வெட் கிரைண்டர். அந்த ஒரு வேலைதான் தெரியும், ஆனா சத்தமில்லாம, கொஞ்சம் கரண்ட்ல முடிச்சிடும்.

சிக்கல் எங்கன்னா, ஒவ்வொரு சுருக்குற முறைக்கும் தனித்தனி கிரைண்டர் வேணும். எச்.264ங்கிற முறை வந்தது 2003, எச்.265ம் விபி9ம் 2013, ஏவி1 2018. புதுசு ஆக ஆக ஃபைல் சின்னதாகுது, விரிக்கிற வேலை கூடுது. இன்டெல்ல எச்.264க்கான டீகோடர் 2011லயே நல்லா வந்துடுச்சு. ஆனா யூட்யூப் 1080க்கு (நெடுக்கால 1080 புள்ளி, ஃபுல் எச்டின்னு சொல்றது) மேல எச்.264ல தர்றதே இல்ல, 4கேன்னா விபி9 இல்லாட்டி ஏவி1தான். விபி9க்கு முழுசா தனி சர்க்யூட் வந்தது ஏழாம் தலைமுறையில, ஏவி1க்கு பதினொண்ணாம் தலைமுறையில, 2020ல. நான் வாங்கினது நாலாம் தலைமுறை. பேரு ஐ5, உள்ள அந்த கிரைண்டர் இல்ல. பத்தாததுக்கு அந்தப் பழைய பெட்டியில டிவிக்குப் படம் அனுப்புற எச்டிஎம்ஐ போர்ட் பழைய 1.4, அதுல 4கே அனுப்பினா செகண்டுக்கு 30 படம்தான் போகும், 60 வேணும்னா 2.0 இருக்கணும்.

அதனால கடையில நீங்க கேக்க வேண்டியது ஐ3யா ஐ5ஆ இல்ல, எத்தனையாவது தலைமுறைன்னு கேளுங்க. 2023 ஜனவரியில வந்த இன்டெல் என்100னு ஒரு சிப் இருக்கு, நாலே கோர், 6 வாட்னு போட்டிருக்கும், பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா இந்த நாலு முறைக்கும் டீகோடர் உள்ள இருக்கு. கடைசியில பெரியப்பாவுக்கு அதுதான் போட்டேன், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எச்டிஎம்ஐ 2.0. பழசுதான் எடுக்கணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்குக் கீழ போகாதீங்க, விண்டோஸ் 11 அதுலேர்ந்துதான் முறையா ஏறும், விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. பெரியவங்க பேங்க் வேலையும் அதுலயே பார்ப்பாங்க, அப்டேட் நின்ன மிஷினைக் கையில குடுக்கறது தப்பு.

வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே ஒரு டெஸ்ட் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை. யூட்யூப்ல ஒரு 4கே வீடியோ ஓடும்போது அது மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் போட்டா கோடெக்னு ஒரு வரி வரும், சுருக்குற முறையோட பேர்தான் அது, விபி09ன்னோ ஏவி01ன்னோ ஆரம்பிக்கும், அதுக்குப் பக்கத்துல எத்தனை ஃப்ரேம் விட்டுப்போச்சுன்னும் காட்டும். அப்புறம் விண்டோஸோட டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு, அதாவது படத்துக்கான சிப் பகுதி, அந்தப் பக்கத்துல வீடியோ டீகோட்னு ஒரு கிராஃப் இருக்கும், அது மேல ஏறி சிபியு, அதாவது பிராசஸர், கீழ இருந்தா கிரைண்டர் ஓடுதுன்னு அர்த்தம். எங்க பழைய பெட்டியில அது தரையோட தரையா கிடந்துச்சு, சிபியு நூறுல நின்னுச்சு.

இதுல எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் ஒண்ணு உண்டு. நல்ல கண்ணால ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும்தான் ரெண்டு புள்ளியைத் தனித்தனியா பிரிச்சுப் பாக்க முடியும். பெரியப்பா உக்கார்ற ஈசி சேர் டிவியிலேர்ந்து பத்து அடி. அந்த தூரத்துல இந்தக் கணக்கு 0.9 மில்லிமீட்டர் கிட்ட வருது. 43 இன்ச் டிவியோட அகலம் சுமாரா 95 சென்டிமீட்டர், அதுல 1080 போட்டாலே ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதாவது 1080லயே கண்ணு பிரிச்சுப் பாக்குற அளவுக்குக் கீழ போயாச்சு, அதுக்கு மேல 4கே போட்டு அந்த மிஷினைக் கொன்னதுக்கு அவர் கண்ணுக்கு ஒரு லாபமும் கிடையாது. உங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் திக்குதுன்னா காசு செலவு பண்றதுக்கு முன்னாடி குவாலிட்டியை 1080க்கு மாத்திப் பாருங்க, பாதி பேருக்கு அதோட தீந்துடும். எழுத்து விஷயத்துல இது அப்படியே தலைகீழ். பத்து அடியிலேர்ந்து நல்ல கண்ணு படிக்கவே எழுத்து நாலரை மில்லிமீட்டர் உயரம் இருக்கணும், வயசானவங்களுக்கு வசதியா இருக்கணும்னா அதைப்போல மூணு மடங்கு. விண்டோஸ்ல எழுத்தையும் படத்தையும் பெருசாக்குற ஸ்கேலிங்கை தாராளமா ஏத்தி வைங்க.

காதுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்க. வயசாகும்போது முதல்ல போறது கீச்சு சத்தங்கள், ச, ஸ, ஷ மாதிரி எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு, அதனாலதான் அவங்க "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல"ன்னு சொல்றாங்க. மெலிசான டிவியில ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பாத்துட்டு இருக்கும், அந்தக் கீச்சு சத்தம் நேரா காதுக்கு வரவே வராது. முன்னாடி பாக்குற மாதிரி ஒரு சாதாரண ஸ்பீக்கர் வச்சதும் பெரியப்பா வால்யூமைக் குறைச்சார், நான் சொல்லாமலே.

ரிமோட்டுக்குக் கைக்கு அடக்கமா ஏர் மவுஸ்னு ஒண்ணு கிடைக்குது, அதுக்கு ஒரு குட்டி ரிசீவர் யூஎஸ்பியில சொருகணும். முதல் நாள் அது விட்டு விட்டு வேலை செஞ்சுது, பேட்டரி மாத்தியும் அப்படியேதான். காரணம் என்னன்னா அந்த ரிசீவர் வேலை செய்யறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, யூஎஸ்பி 3 ஓடும்போது அதே அலைவரிசையில இரைச்சலைக் கக்கும், பென்டிரைவை நீல கலர் போர்ட்ல சொருகி ரிசீவரைப் பக்கத்துலயே வச்சா ரிமோட் பேசறது அதுக்குக் கேக்காது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ரிசீவரை டிவி ஓரத்துக்குக் கொண்டு வந்தேன், சரியாயிடுச்சு.

கரண்ட் கணக்கும் சொல்லிடறேன். தினம் ஆறு மணி நேரம், ரெண்டு மாச பில்லுக்கு அறுபது நாள்னு வச்சா, பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தா 21 யூனிட்டுக்கு மேல, குட்டிப் பெட்டி 12 வாட்னா நாலு யூனிட் சொச்சம். குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம்ங்கிற ஊர்ல ஒத்தையா இருக்குற மனுஷனுக்கு இது சின்ன விஷயம் இல்ல. பெட்டியை டிவி முதுகுல மட்டும் ஒட்டாதீங்க, மே மாச வெயில்ல டிவி சூடும் சேர்ந்தா சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும், மறுபடி திக்கும்.

கடைசியா அந்தக் கல்யாண வீடியோ. 1998ல கேசட்ல எடுத்து அப்புறம் டிவிடியாக்கினது. அந்தக் காலத்துல நம்ம ஊர் டிவிக்கு இருந்த 'பால்' (PAL)ங்கிற வீடியோ முறையில முழுப் படம் ஒண்ணா வராது, ஒத்தை வரிசை ஒரு தடவை, ரெட்டை வரிசை ஒரு தடவைன்னு செகண்டுக்கு 50 அரைப் படம். பழைய குண்டு டிவிக்கு அது பொருந்துச்சு. இப்போதைய டிவியில ரெண்டு அரையையும் ஒண்ணா ஒட்டினா நடுவுல ஐம்பதுல ஒரு செகண்ட் போயிருக்கும், அதுக்குள்ள ஆள் நகர்ந்திருப்பாங்க, அதனால அசையற எல்லாத்தோட ஓரமும் சீப்புப் பல்லு மாதிரி தெரியும். மாலை மாத்தும்போது ரோஜாப்பூ முழுக்க கோடு கோடா இருந்துச்சு. விஎல்சிங்கிற வீடியோ பிளேயர்ல வீடியோ மெனுவுல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி யாடிஃப்னு ஒண்ணு இருக்கும் அதைப் போட்டேன், அது பக்கத்து வரிசையையும் முன்ன பின்ன படத்தையும் பாத்து விட்டுப்போன வரிசையை இட்டு நிரப்பும். கோடு போச்சு. பந்தல்ல குறுக்கால ஒரு பொடியன் அப்பளத்தைக் கையில வச்சுட்டு ஓடறான், இத்தனை வருஷமா அந்த மூஞ்சி கலங்கலாத்தான் தெரிஞ்சுது. பெரியப்பா ரிமோட்டை என் கையிலேர்ந்து வாங்கி, நிறுத்தி, கண்ணாடியை ஏத்தி விட்டுட்டுப் பாத்தார். "டேய், இது நீடா" அப்படின்னார்.