லேப் சர்வரில் லாகின் ஆகவில்லையா? அட்மின் உரிமை கொடுக்கும் முன்

"சார், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ளே விடமாட்டேங்குது." கல்லூரி லேபில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை (பல மாணவர்கள் தங்கள் கணினியிலிருந்தே நுழைந்து வேலை செய்யும் பொது சர்வர்) பராமரிக்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். வகுப்பு நின்றுவிடக் கூடாதே என்ற அவசரத்தில் பல இடங்களில் அந்த மாணவரின் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன்பின் அவர் நினைத்தால் மற்ற மாணவர்களின் கோப்புகளைத் திறக்கலாம், அழிக்கலாம், சர்வரையே நிறுத்தலாம். உரிமை இல்லாததுதான் காரணம் என்றால் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவே போதும். பெரும்பாலும் காரணம் உரிமையே அல்ல.

முதலில் சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு லாகினும் அங்கே இருக்கும். அதில் 'ஸ்டேட்டஸ்', 'சப் ஸ்டேட்டஸ்' என்ற இரண்டு வரிகளின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள். 6ஏ என்று முடிந்தால் கடவுச்சொல் தவறு. 64 என்றால் அப்படியொரு பயனர் பெயரே கிடையாது. பயனர் பெயராக அடிக்கும் மாணவர் பதிவு எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கும். 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. ரிமோட் லாகினின் வகை எண் 10 என்று படித்துவிட்டு அதை மட்டும் வடிகட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாமல் போகலாம். என்எல்ஏ எனப்படும் முன்கூட்டிய சரிபார்ப்பு இயங்கும்போது தோல்விகள் வகை 3 என்றுதான் பதிவாகும்.

224 என்று முடிந்தால், முதல் லாகினில் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்று பொருள். கல்வியாண்டுத் தொடக்கத்தில் கணக்குகளை மொத்தமாக உருவாக்கும்போது அந்த டிக்கைப் போட்டுவிடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் செஷன் (சர்வரில் அந்த மாணவருக்கென ஓடும் திரை) திறப்பதற்கு முன்பே என்எல்ஏ சரிபார்ப்பதால், கடவுச்சொல்லை மாற்றும் திரை மாணவருக்கு வருவதே இல்லை. இதற்காக என்எல்ஏவை அணைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, என்எல்ஏ இயங்கிய பழைய சர்வர்களுக்கு ஓரளவாவது தடுப்பு இருந்தது. டொமைனில் (கல்லூரிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வலையமைப்பு) இணைந்த லேப் கணினியில் நேரடியாக லாகின் செய்து ஒருமுறை மாற்றச் சொன்னால் போதும்.

நேற்று வரை ஓடியது இன்று யாரையுமே விடவில்லை என்றால் லைசென்ஸைப் பாருங்கள். செஷன் ஹோஸ்ட்டை, அதாவது பலரை ஒரே நேரத்தில் நுழையவிடும் சர்வர் பகுதியை, நிறுவியபின் லைசென்ஸ் சர்வர் இல்லாமல் 120 நாள்தான் ஓடும். ஜூன் நடுவில் நிறுவினால் அக்டோபர் நடுவில், செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில், கதவு சாத்திக்கொள்ளும். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கெடுவை அழித்து ஓட்டுவது உரிம மீறல். சில கணினிகளைப் பல பேட்ச் மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் லேபுக்கு, ஆளுக்கல்லாமல் கணினிக்கொன்று என்று வாங்கும் கருவிவாரி உரிமம்தான் கட்டுப்படியாகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, வகுப்புக்கே ஒரே பயனர் பெயர் கொடுக்கும் வழக்கம். ஒரு பயனருக்கு ஒரே செஷன் என்பதுதான் வழக்கமான அமைப்பு. இரண்டாவது மாணவர் நுழைந்ததும் முதல் மாணவரின் திரை அறுந்து, பாதி எழுதிய புரோகிராம் அப்படியே அடுத்தவர் திரையில் வந்து நிற்கும். ஒருவர் திரும்பத் திரும்பத் தவறாக அடித்தால் கணக்கு பூட்டப்பட்டு வகுப்பே வெளியில் நிற்கும். எந்தக் கணினியிலிருந்து பூட்டப்பட்டது என்பதை 4740 பதிவு சொல்லும். யார் கை என்று சொல்லாது. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள்.

ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தினால் லாக் ஆஃப் ஆகாது, செஷன் சர்வரிலேயே நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்பதையும் முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். துண்டிக்கப்பட்ட செஷன்களுக்கு, விதிகளை மொத்தமாக வைக்கும் குரூப் பாலிசியில் நேர வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு முடிந்தால் சேமிக்காத வேலை போய்விடும். அதனால் லேப் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.