உடைந்த பிளேட்டைக் கடலில் போடாதீர்கள்

நுகர்வோர் வழக்கு பார்க்கிற வக்கீல் நான். போன வாரம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன், மனைவி, மகன் என ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். உச்சிப்புளி அருகே பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, மதுரையில் எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உலோக பிளேட் வைத்திருக்கிறார்கள். எட்டாவது மாதம் வீட்டுப் படி ஏறும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். எக்ஸ்ரே எடுத்தால் பிளேட் இரண்டு துண்டு. மறுபடி ஆபரேஷன், மறுபடி வட்டிக்குக் கடன். ஜவுளிக்கடைப் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து என் மேசையில் பரப்பினார்கள். புழுக்கத்தில் எக்ஸ்ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எடுத்த பிளேட் எங்கே?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பீடை வீட்டுல இருக்கக் கூடாதுன்னு கடல்ல போட்டுட்டோம் சார்" என்றார் அவர் மனைவி.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. முன்னால் வந்தவரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தவர். இன்னொருவர் வீட்டில் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டிருந்தார்கள். கொலை வழக்கில் கத்தியைக் கடலில் போட்டால் தடயத்தை அழித்தான் என்பார்கள். இவர்கள் தங்கள் வழக்கின் தடயத்தைத் தாங்களே அழித்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

அதைவிட எரிச்சல், அண்ணன் அடுத்துச் சொன்னது. "தப்பு என் மேலதான் சார். ஆறாம் மாசம் இடுப்பளவு தண்ணியில இறங்கிப் படகைத் தள்ளினேன். உப்பு ஏறித் துருப்பிடிச்சு உடைஞ்சிருச்சு." இதை அவருக்குச் சொன்னது யாரோ ஒரு வார்டு பாய். மண்டபத்திலிருந்து தொண்டி வரை இந்தக் கதையைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தயவுசெய்து கேளுங்கள். உங்கள் உடம்பே உப்புத்தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு இருக்கிறது, ரத்தத்துக்கு ஒத்துப்போகிற அளவு அதுதான். அந்த உப்பில் இரவும் பகலும் ஊறிக் கிடப்பதற்கென்றே செய்த உலோகம்தான் உள்ளே வைப்பது. கடலில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், கூடுதல்தான். ஆனால் அது தோலுக்கு வெளியே நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் தொடை எலும்புக்குள் உப்பு ஏறும் என்றால், முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர் இந்நேரம் கருவாடாகியிருக்க வேண்டும். கடலில் இறங்காதே என்று டாக்டர் சொன்னது தையல் போட்ட புண் ஆறாத நாட்களுக்கு, சீழ் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. அதைப் பிடித்துக்கொண்டு ஊரே ஒரு துருக்கதை கட்டிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. உள்ளேயிருந்து எடுத்த பிளேட் நிஜமாகவே துருப்பிடித்திருந்தால் அது உங்கள் தப்பே இல்லை. உலோகம் சரியில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்கு வேண்டியதில்லை. அதைத்தான் கடலில் போட்டுவிட்டு வருகிறீர்கள்.

உடைந்த பிளேட் எல்லாமே மட்டமான சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு சேராமலே இருந்தாலும் உடையும், டாக்டர் சொல்லுமுன் காலை ஊன்றி எடை தூக்கினாலும் உடையும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் வாதாடுவார், அது நியாயமான வாதமும்கூட. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது. அதனால்தான் உடைந்தது எதனால் என்று சோதனைக்கூடம் சொல்ல வேண்டும். உடைந்த முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு நிறையத் தெரியும்: கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டதா, ஒரே அடியில் போனதா, கலவை சொன்னபடி இருக்கிறதா. நுகர்வோர் ஆணையமே முத்திரை வைத்து அனுப்பும். ஆனால் அனுப்பப் பொருள் வேண்டுமே!

2020 ஜூலையில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வழக்குகள் முன்பு போல இல்லை. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்தில் இல்லாதது, எச்சரிக்கை தராதது என ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளரை நேரடியாகக் கேட்கலாம். டாக்டர் மேல் பழி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நன்றாக ஆபரேஷன் செய்த டாக்டரை எதிரியாக்கிவிட்டு, சாட்சிக்கு ஆள் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "கையெழுத்துப் போட்டுட்டோமே" என்றும் வருவார்கள். நீங்கள் சம்மதித்தது ஆபரேஷனுக்கு, ஓட்டைப் பொருளுக்கு இல்லை.

பெரிய கம்பெனி, நம்மால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டுக் கதையைச் சொல்வேன். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ பிரிவு செய்தது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 ஆபரேஷன்கள். 2018இல் மத்திய அரசு வகுத்த கணக்குப்படி இழப்பீடு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை. அதை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றம் போனது தனிக்கதை. எனக்கு உறைத்தது வேறு: வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி என்று நோயாளிக்கும் தெரியாது.

அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே நிலைதான். 'பிளேட், ஸ்குரூ வைக்கப்பட்டது' என்று இருக்கிறது. எவனுடைய பிளேட்?

உடம்புக்குள் வைக்கும் பொருளை இம்பிளாண்ட் என்பார்கள். அதன் பெட்டியோடு வழக்கமாக ஸ்டிக்கர் வரும். கம்பெனி பெயர், எந்தத் தொகுப்பில் செய்தது என்று காட்டும் லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஆபரேஷன் முடிந்ததும் இன்னொன்றைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள், போனில் போட்டோவும் எடுங்கள். வாங்கவில்லையா, கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. மூன்று வருஷம்தான் வைத்திருப்பார்கள், ஆறப் போடாதீர்கள். பில்லைத் தூக்கி எறியாதீர்கள், நீங்கள் பணம் கொடுத்த நுகர்வோர் என்று காட்ட அது நல்ல சான்று. மறு ஆபரேஷன் என்றால், எடுப்பது எங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் மருத்துவக் கழிவு விதிப்படி அது நீலப் பெட்டிக்குப் போய்விடும், ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. வாங்கியதைத் தேய்த்துக் கழுவாதீர்கள், உடைந்த முனைகளை ஒட்டிப் பார்க்காதீர்கள், டப்பாவில் போட்டுத் தேதி எழுதி மூடுங்கள். டியூட்டி டாக்டரிடம் துருக்கதை பேசாதீர்கள். 'என் தப்புதான்' என்று நீங்கள் சொன்னால் அவர் அப்படியே எழுதிவிடுவார், இரண்டு வருஷம் கழித்து எனக்கு எதிராக அது வாசிக்கப்படும். உண்மையில் எடை தூக்கியிருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், முதலில் என்னிடம் சொல்லுங்கள். புகார் கொடுக்க இரண்டு வருஷம்தான் கெடு. மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் முழுக்க இலவசமாக வைத்ததென்றால் வழி வேறு, அதற்குத் தனியாக வாருங்கள்.

கேஸ் ஷீட் கேட்டு அன்றைக்கே கடிதம் எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கினேன். வாசல் வரை போன மகன் திரும்பி வந்தான்.

"சார், எங்க தெருவுல சங்கு குளிக்கப் போறவங்க இருக்காங்க. போட்ட இடம் அப்பாவுக்குத் தெரியும். தேடச் சொல்லவா?"

"எவ்வளவு ஆழம்?"

"மூணு பாகம், பதினெட்டு அடி இருக்கும் சார்."