ரெஸ்யூமே, கவர் லெட்டர்: சொல் விளக்கம்

வேலைக்கு அப்ளை பண்றப்போ படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதிக் குடுக்குறோமே, அந்த ரெஸ்யூமேங்கிறது பிரெஞ்சு வார்த்தை, 'சுருக்கினது'ன்னு அர்த்தம், அவ்ளோதான். சிவின்னு சொல்றோமே, அதோட முழுப்பேரு கரிக்குலம் விட்டே, நேரா லத்தீன், வாழ்க்கை ஓடி வந்த பாதைன்னு சொல்லலாம், பேருக்கேத்த மாதிரி பேராசிரியர் வேலைக்குப் போறவங்க சிவி பத்து பக்கம் போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க, ரெஸ்யூமே ஒண்ணு ரெண்டு பக்கத்துல முடிஞ்சிரணும். நம்மூரு பயோடேட்டா தனி ரகம்: அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா, கீழ 'மேற்கண்ட விவரங்கள் உண்மை'ன்னு ஒரு கையெழுத்து. கல்யாண புரோக்கர்கிட்டயே குடுத்துரலாம்.

கவர் லெட்டர்னா தபால் கவர்ல போடுற லெட்டர்னு பலபேர் நினைக்கிறாங்க, இல்லீங்க, கூட வைக்கிற பேப்பருக்கெல்லாம் மேல இருக்குற கடிதம். ரெஸ்யூமே யாருக்கு வேணா போகும், இது ஒரே ஒரு கம்பெனிக்கு, ஒரே ஒரு வேலைக்கு. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுக்கு அக்கவுண்டன்ட் வேணும்னு வெச்சுக்குவோம், ரெஸ்யூமேல 'டேலி, ஜிஎஸ்டி, 3 வருஷம்'னு ஒரு வரி போதும், கவர் லெட்டர்ல 'ஷிப்பிங் பில் தெரிஞ்ச ஆள் வேணும்னு போட்டிருந்தீங்க, இப்ப இருக்குற யூனிட்ல அதையும் ஜிஎஸ்டி ரீஃபண்டையும் நான்தான் பாக்குறேன், ஒரு மாச நோட்டீஸ்ல வந்துருவேன்'னு எழுதணும்.

உலகத்தோட முதல் ரெஸ்யூமேன்னு லியொனார்டோ டா வின்சி 1482 வாக்குல மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதினதைக் காட்டுவாங்க. என்னைக் கேட்டா அது சுத்தமான கவர் லெட்டர். ஸ்ஃபோர்சாவுக்கு சண்டைதான் கவலை, அதனால தூக்கிட்டுப் போற பாலம், பீரங்கின்னு வரிசையா அடுக்கிட்டு, ஓவியம் வரைவேங்கிறதைக் கடைசியில போகிற போக்குல சொல்றாரு, அதோட உங்க அப்பா நினைவா வெண்கலக் குதிரையும் செஞ்சு தர்றேங்கிறாரு. ஆளைப் பாத்து எழுதுறதுன்னா இதான்.

தமிழ்ல ரெஸ்யூமேக்கு தற்குறிப்பு, தன்விவரக் குறிப்புன்னு ரெண்டும் இருக்கு, 'சுருக்கினது'ங்கிற மூலத்துக்கு தன்விவரச் சுருக்கம் இன்னும் பொருந்தும். சுயவிவரம் பயோடேட்டாவுக்கு சரி. கவர் லெட்டருக்கு முகப்புக் கடிதம்னு எழுதுறாங்க, அறிமுகக் கடிதம்னு போட்டா இன்னொருத்தர் நம்மள சிபாரிசு பண்ற மாதிரி ஆயிருது, அதனால என் ஓட்டு முன்னதுக்கு.

இப்ப பெரும்பாலும் மெயில்தானே, தனியா ஃபைல் கேக்கலைன்னா மெயில் பாடியிலயே முகப்புக் கடிதத்தை எழுதிருங்க, 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு'ன்னு ஒத்தை வரியோட ரெஸ்யூமேவைத் தள்ளி விடாதீங்க.