‘கொஹேர்’: ஒரு ஸ்பானிய வினைச்சொல் கடல் கடந்தபோது

மாட்ரிடில் பேருந்து பிடிப்பதற்கு ‘கொஹேர்’ என்ற வினை போதும். தொலைபேசியை எடுப்பது, குழந்தையைத் தூக்குவது, சளி பிடிப்பது, நகைச்சுவை புரிவது, முதல் தெருவில் வலப்பக்கம் திரும்புவது எல்லாவற்றுக்கும் அதே வினைதான். இதே வாக்கியங்களை மெக்சிகோ நகரிலோ புவெனஸ் அயர்ஸிலோ சொன்னால் கேட்பவர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார். அங்கே ‘கொஹேர்’ உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல்.

இதன் வேர் லத்தீனின் ‘கொல்லிகெரே’. ‘பொறுக்கு’ என்ற பொருளுள்ள ‘லெகெரே’ என்ற வினையுடன் ‘ஒன்றாக’ என்ற முன்னொட்டு சேர்ந்து பிறந்தது. ஆக, முதல் பொருள் ‘பொறுக்கிச் சேர்’. ஆலிவ் பறிப்பதற்கு ஸ்பெயினில் இன்றும் இந்த வினை வழங்குவது அந்தப் பழைய பொருளின் மிச்சம். பறிப்பதிலிருந்து ‘கையில் எடு’, அதிலிருந்து ‘பற்று’, பிறகு ‘ஓடுவதைப் பிடி’, ‘நோய் வாங்கு’, ‘கையும் களவுமாகப் பிடி’, ‘கருத்தைப் புரிந்துகொள்’ என்று பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன. ராயல் ஸ்பானிய அகாதமியின் அகராதி இந்த ஒரு வினைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகிறது.

தமிழ் பேசுபவருக்கு இதில் வியப்பு இருக்காது. பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, துரு பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது, மீன் பிடிக்கிறோம், ஒருவரைப் பிடித்துப்போகிறது. ‘பிடி’க்குத் தானாக உள்ள பொருள் மெலிது. எதைப் பிடிக்கிறோம் என்று தெரிந்ததும் மீதி விளங்கிவிடும். ‘கொஹேர்’ இயங்குவதும் இப்படித்தான். முப்பது பொருள்கள் இருந்தும் ஸ்பெயினில் யாரும் குழம்புவதில்லை. பல பொருள்கள் இருப்பது ஒரு வினைக்குச் சுமையே அல்ல. அவற்றுள் ஒன்று விலக்கப்பட்ட பொருளாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தப் பொருள் லத்தீன் அமெரிக்காவில் வெறுவெளியிலிருந்து முளைக்கவில்லை. ஆண் விலங்கு பெண் விலங்குடன் இணைவதற்கும் ‘கொஹேர்’ என்று சொல்லும் வழக்கை அகாதமி அகராதியே பதிவுசெய்திருக்கிறது. அதே அகராதியில் காளை ஒருவரைக் கொம்பில் குத்தித் தூக்குவதும் ‘கொஹேர்’தான். அதிலிருந்து வந்த ‘கொஹீதா’ என்ற பெயர்ச்சொல் ஸ்பெயினில் காளைப் போர்க்களத்தின் சொல். 1934 ஆகஸ்டில் காளைப் போர் வீரர் இக்னாசியோ சாஞ்செஸ் மெஹியாஸ் காளை குத்தி இறந்தபோது, அவருக்காகக் கவிஞர் லோர்கா எழுதிய இரங்கற்பாவின் முதல் பகுதியின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ முதன்முறை அந்தத் தலைப்பைப் பார்க்கும் மாணவருக்கு ஆசிரியர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பாலியல் பொருளுக்கு அகராதி தரும் வட்டாரங்கள்: மத்திய அமெரிக்கா, மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பொலிவியா, பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா. கொலம்பியா, ஈக்வடார், கியூபா, போர்ட்டோ ரிக்கோவில் அன்றாடப் பொருள் நன்றாகவே உயிரோடிருக்கிறது. நேரமாகிவிட்டதைக் கொலம்பியர்கள் ‘மே கொஹியோ லா தார்தே’ என்பார்கள்: பிற்பகல் என்னைப் பிடித்துக்கொண்டது. கியூபாவில் வழியில் போகும் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்வது ‘கொஹேர் பொதேயா’. நேர்ப்பொருள் பார்த்தால் பாட்டிலைப் பிடிப்பது. டொமினிக்கன் குடியரசில் இரண்டு பொருளும் ஒரே ஊரில் அருகருகே வாழ்கின்றன. ஆகவே வரைபடத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நல்ல சொல், அந்தப் பக்கம் கெட்ட சொல் என்று பிரிக்க முடியாது.

இந்த வட்டார வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘கொஹேர் லா குவாகுவா’ என்ற தொடர் போதும். கியூபாவிலும் கானரித் தீவுகளிலும் ‘குவாகுவா’ என்றால் பேருந்து. ஆகவே பேருந்து பிடிப்பது. ஆண்டீஸ் மலை நாடுகளில் ‘குவாகுவா’ கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல், பொருள் கைக்குழந்தை. ஈக்வடாரில் அத்தொடர் குழந்தையைத் தூக்கிக்கொள்வதைக் குறிக்கலாம். பொலிவியாவில் அதை வாய்விட்டே சொல்ல முடியாது.

ஒரு பொருள் கெட்டால் மற்றவை எல்லாம் ஏன் வெளியேற வேண்டும்? பேருந்துடன் யாரும் உடலுறவு கொள்வதில்லை என்பது மெக்சிகோக்காரருக்கும் தெரியும். வாக்கியத்தின் பொருளில் குழப்பமே இல்லை. ஆனால் விலக்குச் சொல்லின் ஒலி காதில் விழுந்ததுமே, சூழல் பொருளைத் திருத்துவதற்கு முன், அந்த நினைவு எழுந்துவிடுகிறது. பேசுபவர் அதை முன்கூட்டியே உணர்ந்து வேறு வினைக்குத் தாவுகிறார். எல்லாரும் அப்படித் தாவத் தாவ, நல்ல பொருளில் அச்சொல்லைக் கேட்கும் வாய்ப்பு குறைகிறது, கெட்ட பொருள் மட்டும் எஞ்சுகிறது. ‘வெறிநாற்றம்’ என்று குறள் காதலியின் நறுமணத்தைப் பாடியது. இன்று ‘நாற்றம்’ என்று எந்தப் பூவையும் புகழ முடியாது. அதே விசைதான் இங்கும்.

எனக்கு இதில் மிக அழகாகத் தோன்றுவது அடுத்து நடந்ததுதான். ‘கொஹேர்’ விட்டுச்சென்ற இடத்துக்கு ‘அகர்ரார்’ என்ற வினை வந்தது. நகத்தைக் குறிக்கும் ‘கர்ரா’விலிருந்து பிறந்த சொல் அது. ஸ்பெயினில் அதற்கு ‘இறுகப் பற்று’ என்ற குறுகிய பொருள்தான் பெரும்பாலும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது பொருளை எடுப்பது, தெருவில் திரும்புவது, சளி பிடிப்பது, ஒருவர்மேல் பாசம் பிடிப்பது என்று பழைய வினையின் கிளைகளைக் கொத்தாக ஏற்றுக்கொண்டது. இலக்கணப் பயன்பாடு ஒன்றைக்கூட விடவில்லை. ஸ்பெயினில் ‘கொஹியோ இ சே ஃபுவே’ என்றால் ‘சட்டென்று கிளம்பிப் போய்விட்டான்’. இங்கே எதையும் எடுப்பதோ பிடிப்பதோ கிடையாது, வினை வெறும் துணையாக நின்று திடீர்த்தன்மையை மட்டும் காட்டுகிறது. அர்ஜென்டினாவில் அதே வேலையை ‘அகர்ரோ இ சே ஃபுவே’ செய்கிறது. சொல் விலகினாலும் அது நின்ற இடமும் அதன் கிளைகளும் அப்படியே இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பழமொழியும் தப்பவில்லை. நொண்டியைவிடப் பொய்யனை விரைவில் பிடித்துவிடலாம் என்று ஸ்பெயின் சொல்லும், அதில் ‘கொஹேர்’ வரும். மெக்சிகோவின் வடிவத்திலோ பொய்யன் நொண்டியைவிட விரைவில் விழுகிறான். பிடிப்பவரே காணாமல் போய்விட்டார்.

முன்னொட்டு ஏறிய உறவுச் சொற்களை விலக்கு தொடவில்லை. ‘ரெகொஹேர்’ (அழைத்து வர, திரட்டு), ‘எஸ்கொஹேர்’ (தேர்ந்தெடு), ‘அகொஹேர்’ (வரவேற்று இடம்கொடு), ‘என்கொஹேர்’ (சுருங்கு) நான்கையும் எந்த நாட்டிலும் தயங்காமல் சொல்லலாம். விமான நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து வருவதற்கு ‘ரெகொஹேர்’தான் சரியான சொல். ஸ்பெயின் பாடநூலில் படித்தவர்கள் அவசரத்தில் முன்னொட்டை விழுங்கிவிடுவதுதான் மிக மோசமான தவறு. மனிதரைச் செயப்படுபொருளாகக் கொண்ட ‘கொஹேர்’ பாலியல் வாக்கியத்தின் இலக்கண வடிவமே. பேருந்தைச் சொன்னால் சிரிப்போடு போகும், ஆளைச் சொன்னால் போகாது.

மாற்று வினைகளைச் சூழலோடு சேர்த்துக் கற்பது நல்லது. மெக்சிகோவில் பேருந்துக்கு ‘தொமார்’, கைப்பொருளுக்கு ‘அகர்ரார்’, தொலைபேசிக்கு ‘கொந்தெஸ்தார்’, குழந்தையைத் தூக்க ‘கர்கார்’. அர்ஜென்டினாவில் தொலைபேசிக்கு ‘அதெந்தேர்’, குழந்தைக்கு ‘அல்சார்’. எல்லா இடத்துக்கும் ‘தொமார்’ போதும் என்று சிலர் சொல்லிக்கொடுப்பதுண்டு. பேருந்து, ரயில், மருந்து வரை அது சரி. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் செயப்படுபொருள் இல்லாத ‘தொமார்’ மது அருந்துவதைக் குறிக்கும். ‘தொமாஸ்?’ என்று மட்டும் கேட்டால் ‘நீ குடிப்பாயா?’ என்ற கேள்வியாகிவிடும். எனவே எதை எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஸ்பெயினுக்குப் போகிறவர் எதிர்த்திசையில் பழக வேண்டும். அங்கே பேருந்துக்கு ‘அகர்ரார்’ சொன்னால் அதைக் கையால் இறுகப் பிடித்துத் தொங்குவதுபோல் ஒலிக்கும். கூச்சப்பட்டு ‘கொஹேரை’த் தவிர்த்தால் பேச்சு விறைப்பாகிவிடும், கேட்பவருக்குக் காரணமும் விளங்காது.